நீதிபதிக்கு நான் என்ன எழுதுவது?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனவன் இரவு வீடு திரும்பவில்லை; காவல் நிலையத்திலிருந்துதான் அழைப்பு வந்தது. ஆட்டம் முடிந்து ரயில் நிலையத்துக்கு நடந்து வரும் வழியில், எதிரணியின் சட்டையை அணிந்திருந்த ஒருவரை அடித்திருக்கிறான். அவருக்குத் தாடை எலும்பு முறிந்துவிட்டது. எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் காலை 11 மணியிலிருந்தே குடித்ததால் எதுவும் நினைவில் இல்லை என்கிறான். “அது நான் இல்லை அம்மா, போதை” என்று அழுகிறான். வாங்கிக் கொடுத்த நண்பர்களும், தள்ளாடுகிறவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த பப்பும், பார்த்துக்கொண்டு நின்ற போலீஸும்தான் குற்றவாளிகள் என்கிறார் என் கணவர். கால்பந்துக் கூட்டமே இப்படித்தான் என்கிறார் என் தம்பி. தண்டனை விசாரணைக்கு முன் நீதிபதிக்குக் கொடுக்க, என்னிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டிருக்கிறார் வழக்கறிஞர். ‘குடிதான் காரணம், இவன் நல்ல பிள்ளை’ என்று எழுதலாமா? அணி தோற்ற நாட்களில் மட்டும் வீட்டில் நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். மற்றபடி அவனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

‘குடிதான் காரணம்’ என்ற வரியை எழுதாதீர்கள். அதற்கான நியாயத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அதனால் வரும் நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து நீதிமன்றங்கள் தாக்குதல் வழக்குகளில் பின்பற்றும் தண்டனை வழிகாட்டுதல்களில், குடிபோதையில் குற்றம் செய்தது என்பது தண்டனையைக் கூட்டும் அம்சங்களின் பட்டியலில் இருக்கிறது. குறைக்கும் பட்டியலில் இல்லை. மகனைக் காப்பாற்ற நீங்கள் எழுத நினைக்கும் வரி, நீதிபதியின் மேசையில் மகனுக்கு எதிரான வரியாகவே படிக்கப்படும்.

நான் வழக்கறிஞர் அல்ல. நீதிமன்றம் அனுப்பிவைக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் தொழில். சட்ட விஷயத்தில் உங்கள் வழக்கறிஞரின் சொல்லே இறுதி. ஆனால் ‘அது நான் இல்லை’ என்ற வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக, பல குரல்களில் கேட்டு வருகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

சட்டம் அந்த வாக்கியத்தை எப்போதோ கேட்டு முடித்துவிட்டது. மஜெவ்ஸ்கி என்பவர் போதை மாத்திரைகளும் மதுவும் உட்கொண்டு, ஒரு பப்பில் ரகளை செய்து, தடுக்க வந்த போலீஸாரையும் தாக்கினார். என்ன செய்தேன் என்றே தெரியவில்லை என்பதுதான் அவருடைய வாதம். 1976இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. தானாக விரும்பிப் போதையேற்றிக்கொள்வதே பொறுப்பற்ற செயல். இப்படிப்பட்ட தாக்குதல் குற்றங்களில் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பானது. ஒருவருக்குத் தெரியாமல் பானத்தில் எதையாவது கலந்து கொடுத்திருந்தால் கதை வேறு. உங்கள் மகனுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை.

இனி அந்த ‘நினைவில்லை’. உங்கள் மகன் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. குறுகிய நேரத்தில் அதிகம் குடிக்கும்போது, நடப்பவற்றை நினைவாகச் சேமிக்கும் மூளைப் பகுதி செயலிழந்துபோகிறது. மறுநாள் தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் சேமிக்கும் வேலைதான் நின்றதே தவிர, மனிதர் நின்றுவிடவில்லை. அந்த நேரத்தில் அவர் நடக்கிறார், பாடுகிறார், டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறார், நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எழுதியதெல்லாம் அழிந்துபோன நோட்டைக் காட்டி, எழுதியது என் கை இல்லை என்று எப்படிச் சொல்வது?

கேமராப் பதிவை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்க்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வழியில் அவரைச் சுற்றி எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். தன் அணியின் சட்டை போட்ட யாரையும் அவர் அடிக்கவில்லை. அருகில் நின்ற போலீஸ்காரரை அடிக்கவில்லை. எதிரணிச் சட்டை அணிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அடித்தார். அத்தனை போதையிலும் அந்தச் சட்டையின் நிறம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற கணக்கும் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்வது உங்களுக்கு வலிக்கும். ஆனால் உங்கள் மகனோடு பேச ஆரம்பிக்கிறவர் யாராக இருந்தாலும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

மது ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. அது கவனத்தைச் சுருக்குகிறது. எதிரில் இருக்கும் சீண்டல் பெரிதாகத் தெரியும். நாளைக்கு என்ன ஆகும் என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும். இது ஆய்வாளர்கள் பலமுறை சோதித்த விஷயம். ஆனால் 1975இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையையும் சொல்ல வேண்டும். சிலருக்கு வோட்கா கலந்த பானம் என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீரைக் கொடுத்தார்கள். சிலருக்கு வெறும் டானிக் என்று சொல்லி வோட்காவைக் கலந்து கொடுத்தார்கள். இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது, உள்ளே மது போனதா இல்லையா என்பதைவிட, மது குடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கைதான் அவர்களின் ஆவேசத்தைக் கூட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் மதுவுக்கே ஒரு பங்கு உண்டு என்று காட்டின, உண்மைதான். ஆனாலும் குடித்தால் இப்படி நடந்துகொள்ளலாம் என்று நாம் முன்கூட்டியே நமக்குக் கொடுத்துக்கொள்ளும் அனுமதி சிறிய விஷயம் அல்ல. ‘குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு’ என்ற பழமொழியை நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதுவும் அப்படி ஓர் அனுமதிச் சீட்டுதான். இங்கே பேச்சு போயிருக்கலாம். முறிந்த தாடைக்கு விடிந்தும் ஒன்றும் போகவில்லை.

கால்பந்து உலகமே இதற்குச் சாட்சி. டென்மார்க் ரசிகர்கள் பீரை ஆறாக ஓடவிடுகிறவர்கள். ஆனாலும் 1980களில் அவர்களுக்கு ‘ரோலிகன்’ என்று பெயர் வந்தது. டேனிஷ் மொழியில் ‘ரோலிக்’ என்றால் அமைதி. ‘ஹூலிகன்’ என்ற சொல்லைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டுத் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் அது. ஸ்காட்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1980 மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க் மைதானத்துக்குள் இறங்கி மோதிக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் வந்து விரட்ட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே ஸ்காட்லாந்தின் மைதானங்களில் மதுவைத் தடை செய்து சட்டம் வந்தது. அதே நாட்டு ரசிகர்கள் தேசிய அணிக்குப் பின்னால் வெளிநாடு போகும்போது, மூக்கு முட்டக் குடித்துவிட்டு எதிரணி ரசிகர்களோடு சேர்ந்து பாடுகிறவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். மது அதே மதுதான். குடித்தால் என்ன செய்வது நம் வழக்கம் என்ற எழுதாத விதி மாறியிருந்தது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. 2016 ஜூனில் மார்செய் நகரில், ஐரோப்பியக் கோப்பைப் போட்டியின்போது, குடித்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்து ரசிகர்கள் மீது ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு கும்பல் பாய்ந்தது. ஏறக்குறைய 150 பேர், நன்கு பயிற்சி பெற்றவர்கள் என்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞரே சொன்னார். சண்டைக்கென்றே தயாராகி வந்தவர்களுக்குப் போதை தேவைப்படவில்லை.

உங்கள் கணவரின் பட்டியலுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் தவறில்லை. அவசரப்பட்டு அவரை மறுக்காதீர்கள். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, போதையில் இருப்பவருக்கு என்று தெரிந்தே மது விற்பது குற்றம். போதையில் இருப்பவருக்காகத் தெரிந்தே மது வாங்கிக் கொடுப்பதும் குற்றம். அதாவது பப்பும் நண்பர்களும் வெறும் ஒழுக்கப் பிழை செய்தவர்கள் மட்டும் அல்லர். ஆனால் இந்தச் சட்டப் பிரிவுகளில் வழக்கு தொடரப்படுவது அபூர்வம். அந்த வகையில் உங்கள் கணவரின் கோபத்துக்கு நான் என் கோபத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னும் மேலே போகலாம். 1993 முதல் 2001 வரை இங்கிலாந்தின் முதல்நிலை லீகின் பெயரிலேயே ஒரு பீர் கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேசிலில் மைதானங்களுக்குள் மது விற்பனைக்குத் தடை இருந்தது. 2014 உலகக் கோப்பையை அங்கே நடத்துவதற்காக, ஃபிஃபாவின் வற்புறுத்தலில் அதைத் தளர்த்திச் சட்டம் போட்டார்கள். 2022இல் கத்தாரில் போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது மைதானங்களில் பீர் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போது விளையாட்டைப் பற்றிய பேச்சையும் மிஞ்சி எழுந்தது விளம்பரதாரருக்கு நேர்ந்த கதியைப் பற்றிய பேச்சுதான். அணியின் சட்டையில், மைதான ஓரத்தில், தொலைக்காட்சி இடைவேளையில் என்று கண் படும் இடமெல்லாம் மதுவை ஒட்டிவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘பொறுப்புடன் அருந்துங்கள்’ என்று போடுகிறவர்கள், பொறுப்பு என்ற சொல்லை முழுதாக ரசிகனின் தலையில் இறக்கிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் பொறுப்பில் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் மகனின் பங்கு குறைந்துகொண்டே வரும் என்று நினைக்கிறார் உங்கள் கணவர். அங்கேதான் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேசல் மைதானம். லிவர்பூல், யுவென்டஸ் அணிகளின் இறுதி ஆட்டம் தொடங்கும் முன்னர், லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. மறுபக்கம் இருந்தவர்கள் பயந்து ஒதுங்க, நெரிசலில் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். அன்று பலர் குடித்திருந்தார்கள். மைதானம் இடிந்து விழும் நிலையில் இருந்தது. இரு தரப்பையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டு நடுவில் ஒப்புக்கு ஒரு வேலியைப் போட்டிருந்தார்கள். போலீஸ் போதவில்லை. வழக்கு நடந்தபோது 14 ரசிகர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கால்பந்து நிர்வாகத்தைச் சேர்ந்தவரும் போலீஸ் அதிகாரியும்கூடத் தண்டனை பெற்றார்கள். அதிகாரிகளுக்கும் தண்டனை கிடைத்தது என்பதற்காக அந்த 14 பேரில் ஒருவருடைய குற்றம் ஒரு கடுகளவு சுருங்கவில்லை.

2021 ஜூலையில் வெம்ப்லி மைதானத்தில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தும் இத்தாலியும் மோதிய ஐரோப்பிய இறுதி ஆட்டம். காலையிலிருந்தே குடித்த கூட்டம், டிக்கெட் இல்லாமல் சுமார் 2,000 பேர் உள்ளே நுழைந்தார்கள். அதை விசாரித்த லூயிஸ் கேசி, கட்டுப்பாட்டை இழந்து நடந்துகொண்டவர்கள்மீதுதான் முதல் பொறுப்பு என்று எழுதினார். அதே அறிக்கையில் ஏற்பாடுகளின் ஓட்டைகளையும் விடாமல் எழுதினார். ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. உங்கள் வீட்டிலும் வர வேண்டியதில்லை. பப்பைப் பற்றிப் புகார் கொடுக்க உங்கள் கணவர் விரும்பினால், உள்ளூராட்சியின் உரிம அலுவலகத்துக்கு எழுதட்டும். அது தனிக் கடிதம். நீதிபதிக்குப் போகும் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை.

உங்கள் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘கால்பந்துக் கூட்டமே இப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு பெரிய அநியாயம் நடந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது, பத்திரிகைகள் அச்சிட்டன. இறந்தவர்களின் உடலில், குழந்தைகள் உட்பட, மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. மது இருந்ததாகத் தெரிந்தவர்கள்மேல் பழைய வழக்கு ஏதேனும் உண்டா என்று கணினியில் தேடிப் பார்த்தார்கள். ரசிகர்கள்மேல் தவறில்லை, நடந்தது சட்டவிரோத மரணம் என்று ஒரு நடுவர் குழு சொல்ல 2016 ஆகிவிட்டது. குடித்தவன் என்ற சொல் சில நேரம் குற்றவாளியைக் காப்பாற்றுகிறது, சில நேரம் இறந்தவனைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டு வேலைக்கும் அதைப் பயன்படுத்த நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் மகன் சென்ற அதே ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள், அவர்களில் பலர் குடித்துமிருப்பார்கள், யாரையும் அடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. அணி தோற்ற நாட்களில் வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிக் கடிதம் முழுவதையும்விட அந்த வரியிடம்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

லங்காஷயர் பகுதியில் 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது பதிவான குடும்ப வன்முறைப் புகார்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து வென்ற அல்லது சமன் செய்த நாட்களில் புகார்கள் 26 சதவீதமும், தோற்ற நாட்களில் 38 சதவீதமும் கூடியிருந்தன. மான்செஸ்டர் பகுதியில் நடந்த பிந்தைய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் வீட்டு வன்முறை குறைகிறது. முடிந்த பிறகு மணிக்கு மணி ஏறி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகிறது. அந்த ஏற்றத்துக்குக் காரணம் குடித்திருந்தவர்கள். பகலில் சீக்கிரமே ஆட்டம் முடிந்து, மீதி நாளைக் குடிப்பதற்குக் கொடுத்துவிடும் நாட்களில்தான் அது பெரிதாகத் தெரிந்தது.

உங்கள் மகன் உங்கள்மேல் கை ஓங்கினார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஆனால் தோல்வியும் குடியும் சேர்ந்தால் தன்னைச் சுற்றி இருப்பவர்கள் ஒடுங்கிப் போகிறார்கள் என்பது உங்கள் வீட்டில் அனைவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அவருக்கும் தெரிந்திருக்கும். சனிக்கிழமை மாலை அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை இத்தனை நேரம் பேசினோம். நான் அதிகம் கேட்க விரும்புவது அன்று காலை 11 மணியைப் பற்றி. அப்போது அவர் நிதானமாக இருந்தார். குடித்தால் தான் எப்படி ஆவோம் என்பதை அறிந்துகொண்டே முதல் கிளாஸை எடுத்தார். போதை எடுத்த முடிவுகளுக்கு முன்னால், போதை இல்லாமல் எடுத்த முடிவு அது ஒன்று. அதைத்தான் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அது இன்னும் அவர் கையில் இருக்கிற முடிவும்கூட. உங்களுக்கு எப்போதாவது வீட்டில் பயமாக இருந்தால், மகன் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் 999ஐ அழைப்பது அவருக்குச் செய்யும் துரோகம் அல்ல.

இனிக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், அவரை எத்தனை காலமாகத் தெரியும், குற்றம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று முதலிலேயே எழுதுங்கள். குற்றத்தின் பெயரைச் சொல்லாத நற்சான்றுக்கு மதிப்பு குறைவு. தாடை முறிந்த அந்த மனிதரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அவர் ‘ஒருவர்’ என்று ஒரே இடத்தில் வந்து மறைந்துவிட்டார். மகனிடம் நீங்கள் நேரில் பார்த்த நல்லதை எழுதுங்கள், பொதுப்படையாக வேண்டாம். ‘நல்ல பிள்ளை’ என்பதைக் காட்டிலும், உடம்புக்கு முடியாத யாரையோ வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் என்பது போன்ற ஒரு செய்தி வலுவானது, அது நடந்திருந்தால் மட்டும். கைதுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் போனாரா, குடிப்பழக்க ஆலோசனைக்குப் பெயர் கொடுத்தாரா, குடிப்பதை நிறுத்தினாரா? ஒன்றும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அது கடிதத்துக்காகச் செய்வது போலத்தான் தொடங்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள், பரவாயில்லை.

குரலைத் தாழ்த்திய விஷயத்தை நீதிபதிக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் தண்டனைக்கு முன் அறிக்கை தயாரிக்கும் நன்னடத்தை அதிகாரி வீட்டு நிலவரத்தைக் கேட்டால் மறைக்காதீர்கள். எனக்கு எழுதிய ‘ஒரு தொந்தரவும் இருந்ததில்லை’ என்ற வாக்கியத்தை நீதிபதிக்கான கடிதத்தில் எழுதாதீர்கள். அது உண்மை இல்லை என்பது நீங்கள் எனக்கு எழுதியதிலிருந்தே தெரிகிறது.

அடிபட்டவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவது, சமூக ஊடகத்தில் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்பது, இரண்டும் வேண்டாம். மகனையும் செய்ய விடாதீர்கள். பிணை நிபந்தனையை மீறியதாக ஆகிவிடலாம், அந்த மனிதருக்கு மிரட்டலாகவும் படலாம். அவர் விரும்பினால் சந்திக்க முறையான வழி உண்டு, அதை வழக்கறிஞரோ நன்னடத்தை அதிகாரியோ ஏற்பாடு செய்வார்கள்.

சிறை இல்லாமல் முடிந்தால், வியர்வையில் மதுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைக் காலில் கட்டி, 120 நாட்கள் வரை குடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம். மைதானத்துக்கே போகக் கூடாது என்ற கால்பந்துத் தடை உத்தரவும் வரலாம்: சிறைத் தண்டனை இல்லையென்றால் 3 முதல் 5 ஆண்டுகள், வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இந்தத் தடை மட்டும் வேண்டாம், கால்பந்துதான் அவன் உயிர் என்று கடிதத்தில் மன்றாடாதீர்கள்.

எழுதி முடித்ததும் முதலில் மகனிடம் வாசிக்கக் கொடுங்கள். ஏதாவது ஒரு வரியைக் காட்டி, இது மட்டும் வேண்டாம் அம்மா என்பார். அந்த வரியை அடிக்காமல் அப்படியே வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.